பட்டன் யார் கையில்?

இந்த வாரத் தபாலில் பாதி ஒரே விஷயம்: நாளைக்கு அரசாங்கம் இணையத்தைப் பூட்டிவிடுமா? சரி, மொத்தமாகவே பார்த்துவிடலாம். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் ஒரு வாரம் பொறுத்தருள்க.

எதிர்காலத்தில் ஓர் அரசாங்கம் இணையத்தை மொத்தமாக நிறுத்த முடியுமா?
— கல்லூரி மாணவர், நாமக்கல்

எதிர்காலம் எதற்கு? எகிப்தில் 2011 ஜனவரி 28 விடிவதற்குள் நிறுத்திக் காட்டினார் அதிபர் முபாரக். ஐந்து நாள். அதுவரை வீட்டில் உட்கார்ந்து ஃபேஸ்புக்கில் கொதித்துக்கொண்டிருந்தவர்கள்கூட, நெட் இல்லையென்றதும் என்ன நடக்கிறதென்று பார்க்கத் தெருவுக்கு வந்தார்கள். பிப்ரவரி 11-ல் முபாரக் வீட்டுக்குப் போனார்.

இதற்கென்று சிவப்பு பட்டன் ஏதாவது இருக்கிறதா?
— இல்லத்தரசி, கும்பகோணம்

அது ஜேம்ஸ் பாண்ட் படத்தில். நம் நாட்டில் உள்துறைச் செயலாளரின் கையெழுத்து போதும். விதிகளின்படி அந்த உத்தரவை எழுத்திலோ மின்னணு வழியிலோ அனுப்பலாம். அதாவது, இணையத்தை நிறுத்தும் உத்தரவு இணையத்திலேயே போகலாம். கடைசிப் பயணி!

எந்தச் சட்டத்தின் கீழ் நிறுத்துகிறார்கள்?
— ஜூனியர் வக்கீல், மதுரை

1885-ம் வருடத்துத் தந்திச் சட்டம். தந்தி 2013 ஜூலையில் காலமானது. சட்டம் மட்டும் கல்லுக்குண்டு மாதிரி இருந்து, 2017-ல் இணைய நிறுத்த விதிகளையும் பெற்றெடுத்தது. 2023-ல் அதற்குப் பதிலாகத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. அதிகாரம் எங்கும் போகவில்லை ஐயா, புது வீட்டுக்குக் குடிபோயிருக்கிறது.

தமிழ்நாட்டில் இப்படி நடந்ததுண்டா?
— வாசகர், சங்கரன்கோவில்

உங்கள் பக்கத்து மாவட்டத்தில்தான். 2018 மே 22, தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு. 13 பேர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தினார்கள். வதந்தி பரவக் கூடாதாம். வதந்தி வருகிற வழியில்தான் செய்தியும் வரும். எந்த வீட்டுப் பிள்ளை எந்த ஆஸ்பத்திரியில் என்று தேடியவர்களுக்கு இரண்டும் வரவில்லை.

இதில் ஜோக்குக்கு இடமில்லை. அடுத்த கேள்வி.

இணையத் தடையில் உலகத்தில் நமக்கு எத்தனையாவது இடம்?
— போட்டித் தேர்வு மாணவி, தர்மபுரி

ஆக்சஸ் நவ் என்ற அமைப்பு வருஷா வருஷம் எண்ணுகிறது. 2024-ல் 54 நாடுகளில் 296 முறை. மியான்மர் 85, இந்தியா 84. அதற்கு முன் ஆறு வருஷம் தொடர்ந்து நாம்தான் தங்கம். ராணுவ ஆட்சி நடக்கும் நாட்டிடம் ஒரே ஒரு புள்ளியில் கோட்டை விட்டோம். ஜனநாயகப் பிரிவில் அந்த வருஷமும் தங்கம் நமக்கே.

அரசாங்கக் கணக்கு என்ன என்று கேட்காதீர்கள். அப்படியொரு கணக்கையே டெல்லியில் யாரும் வைத்துக்கொள்வதில்லை என்று 2021-ல் நாடாளுமன்ற நிலைக்குழுவே குறைப்பட்டுக்கொண்டது.

பரீட்சைக்காக ஊருக்கே நெட்டை நிறுத்துவது நியாயமா?
— ப்ளஸ் டூ மாணவனின் தந்தை, ஈரோடு

ஈராக், அல்ஜீரியா, சிரியாவில் அது வருடாந்தரத் திருவிழா. 2021 செப்டம்பரில் ராஜஸ்தானும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்காக நிறுத்தியது. ஒருவர் பிட் அடிக்கக் கூடாதென்று ஊருக்கே ஒரு பிட்டும் ஒரு பைட்டும் கிடையாது.

அதே தேர்வில் பிகானீரில் ஒரு செருப்பு சிக்கியது. அடிப்பாகத்துக்குள் போன், காதுக்குள் குட்டி ப்ளூடூத், ஒரு ஜோடி விலை 6 லட்ச ரூபாய் வரை என்றார்கள் போலீசார். அதற்கு நெட்டே வேண்டாம். சாதாரண ‘கால்’ போதும்.

சுப்ரீம் கோர்ட் ஒன்றும் சொல்லவில்லையா?
— ஓய்வுபெற்ற தாசில்தார், திண்டிவனம்

சொன்னது. 2020 ஜனவரி 10, காஷ்மீர் வழக்கு: காலவரையறை இல்லாமல் நிறுத்தக் கூடாது, உத்தரவுகளை வெளியிட வேண்டும். அருமையான தீர்ப்பு. அதற்குப் பிறகு காஷ்மீருக்கு நெட் வந்தது. 2ஜி வேகத்தில், அதுவும் முதலில் அரசு அனுமதித்த தளங்கள் மட்டும். 4ஜி திரும்பியது 2021 பிப்ரவரி 5-ல். கொரோனா ஆண்டு முழுக்க அங்கே ஆன்லைன் வகுப்பு பெரும்பாலும் அந்த 2ஜியில்தான்.

நிறுத்தினால் கோர்ட் கேட்கும். மெதுவாக்கினால் யாரைக் கேட்பது? இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இணையத்தைத் துண்டிக்க எவ்வளவு செலவாகும்?
— கணக்காளர், சிவகாசி

ஒரு மண்வெட்டி. 2011-ல் ஜார்ஜியா நாட்டில் 75 வயதுப் பாட்டி ஒருவர் செம்புக் கம்பி தேடித் தோண்டினார். பக்கத்து நாடான ஆர்மீனியா மணிக்கணக்கில் இணையமின்றி உட்கார்ந்திருந்தது. அரசாங்கத்துக்குத்தான் செயலாளர், விதிமுறை, மறுஆய்வுக் குழு எல்லாம்.

இணையத்தை யாராலும் கட்டுப்படுத்த முடியாது என்று ஒரு காலத்தில் சொன்னார்களே?
— பேராசிரியர், பாளையங்கோட்டை

பெரிய இடத்திலேயே சொன்னார்கள். 2000 மார்ச்சில் கிளிண்டன், சீனா இணையத்தைக் கட்டுப்படுத்த நினைப்பதை ஜெல்லியைச் சுவரில் ஆணியடித்து மாட்டுவதோடு ஒப்பிட்டுக் கிண்டலடித்தார். கூட்டமே சிரித்தது. சீனா சிரிக்கவில்லை. ஆணி வாங்கப் போனது.

சீனாவின் ‘பெருந்தீச்சுவர்’ உண்மையில் எப்படி வேலை செய்கிறது?
— ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

நீங்களே ஐ.டி., என்னை ஆழம் பார்க்கிறீர்கள். போகட்டும்.

முதல் வழி, பொய் விலாசம். ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால் டிஎன்எஸ் அதன் எண்ணைச் சொல்ல வேண்டும். நடுவில் புகுந்து தப்பான எண்ணைச் சொல்லிவிடுவார்கள். நீங்கள் தெரு தெருவாகச் சுற்றுவீர்கள்.

இரண்டாவது, உறையைப் பார்ப்பது. உள்ளே இருப்பது பூட்டியிருந்தாலும் எந்தத் தளத்துக்குப் போகிறது என்ற பெயர் பெரும்பாலும் வெளியே தெரியும். பிடிக்காத பெயர் என்றால் மூன்றாவது வழி. கெட்ட கல்யாணத் தரகர் வேலை: பெண் வீட்டில் ‘மாப்பிள்ளை வேண்டாமென்கிறார்’, மாப்பிள்ளை வீட்டில் ‘பெண்ணுக்கு இஷ்டமில்லை’. உங்கள் கம்ப்யூட்டருக்கும் அந்தப் பக்கத்து சர்வருக்கும் ‘இணைப்பை முறித்துக்கொள்கிறேன்’ என்று ஒருவர் பெயரில் மற்றவருக்குப் போலிச் செய்தி போகும். இரண்டு வீட்டாரும் மற்றவர்மேல் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். தரகர் பெயர் எங்கேயும் வராது.

அங்கே மக்கள் சும்மாவா இருக்கிறார்கள்?
— வாசகி, காரைக்குடி

சும்மா இருப்பார்களா? தியானன்மென் சதுக்கப் படுகொலை நடந்தது 1989 ஜூன் 4. அந்தத் தேதியை எழுதக் கூடாதென்றதும் ‘மே 35’ என்று எழுதினார்கள். அதையும் தடை செய்தார்கள். காலண்டரிலேயே இல்லாத ஒரு நாளைத் தடை செய்வதற்குத் தனித் திறமை வேண்டும்.

அதிபரைக் கரடி பொம்மை வின்னி த பூவுடன் ஒப்பிட்டார்கள், கரடி மாட்டிக்கொண்டது. 2018-ல் அதிபரின் பதவிக்கால வரம்பை நீக்கியபோது, ‘என்’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்தே கொஞ்ச நேரம் தடையில் இருந்தது. 2022 நவம்பரில் மக்கள் வெறும் வெள்ளைத் தாளைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றார்கள். அதில் எதை அழிப்பது?

வட கொரியாவில் இணையம் உண்டா?
— பள்ளி மாணவன், அரக்கோணம்

2016-ல் அவர்கள் சர்வரில் நடந்த ஒரு தவறால் குட்டு வெளிப்பட்டது. நாட்டின் ‘.கேபி’ முகவரியில் மொத்தம் 28 தளங்கள். உங்கள் தெருக் கேபிள்காரரே இதைவிட அதிகம் தருவார் தம்பி.

விபிஎன் போடுவது தப்பா?
— பெயர் வேண்டாம், கொழும்பு

உங்கள் ஊரில் அமைச்சரே போட்டார். 2022 ஏப்ரல் 3, சமூக வலைத்தளங்களை அரசு முடக்கிய அன்று, அதே அரசில் அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ச, இந்தத் தடையால் ஒரு பயனும் இல்லை, நானே விபிஎன்-இல்தான் இருக்கிறேன் என்று ட்விட்டரில் எழுதினார்.

இதைவிடப் பெரிய கதை ஒன்று. சீனத் தீச்சுவரின் தந்தை என்று பெயரெடுத்தவர் ஃபாங் பின்சிங். 2016-ல் ஹார்பின் பல்கலைக்கழகத்தில் உரையாற்றும்போது தென்கொரியத் தளம் ஒன்றைக் காட்ட நினைத்தார். திறக்கவில்லை. எல்லார் கண்ணெதிரே விபிஎன் போட்டார். தான் கட்டிய சுவரைத் தானே ஏறிக் குதித்த மேஸ்திரி.

இந்தியாவில் விபிஎன்?
— ஃப்ரீலான்ஸ் வடிவமைப்பாளர், கோவை

குற்றமில்லை. ஆனால் மறைந்து நடமாட விரும்புகிறவரின் பெயர், விலாசம், போன் நம்பரை விபிஎன் கம்பெனி ஐந்து வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று 2022-ல் உத்தரவு. பெரிய கம்பெனிகள் சில, சர்வரை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டன.

பாரதியார் காலத்தில் இணையம் இருந்திருந்தால்?
— தமிழாசிரியை, எட்டயபுரம்

இணையம் இல்லாமலே விபிஎன் போட்டவர் அவர். 1908-ல் அவருடைய ‘இந்தியா’ பத்திரிகை மேல் சென்னையில் வழக்கு பாய்ந்ததும், பாரதி புதுச்சேரிக்குப் போனார். பத்திரிகையும் பின்னாலேயே போனது. பிரெஞ்சு மண்ணில் ஆங்கிலேயனின் சட்டம் செல்லாது. சர்வர் பத்திரம்.

ஆங்கிலேயன் என்ன செய்தான்? எழுதுகிறவரை விட்டான், தபாலை மறித்தான். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இதழ் வரக் கூடாது. வாசகரிடம் போய்ச் சேராத பத்திரிகை 1910-ல் நின்றது. அப்போது பாரதியைக் கைது செய்யவில்லை, கையை வெட்டவில்லை, பேனாவைப் பிடுங்கவில்லை. இன்றைய அதிகாரிகள் கட்டணம் கட்டிப் படிக்க வேண்டிய பாடம் இது. படித்துவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

1975-ல் வாட்ஸ்அப் இருந்திருந்தால் எமர்ஜென்சி வந்திருக்குமா?
— மூத்த குடிமகன், மயிலாப்பூர்

வந்திருக்கும். ரயில் சரியான நேரத்துக்கு வருகிறது என்று உங்கள் குடும்ப குரூப்பில் தினமும் காலையில் ரோஜாப்பூவோடு செய்தியும் வந்திருக்கும்.

அந்த ஜூன் 25 ராத்திரி டெல்லிப் பத்திரிகை அலுவலகங்களின் கரண்டைத்தான் நிறுத்தினார்கள். மறுநாளிலிருந்து தணிக்கை அதிகாரி. ஆனாலும் மூன்றாம் நாள் பம்பாய் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் ஒரு மரண அறிவிப்பு வந்துவிட்டது: ஜனநாயகம் ஜூன் 26 அன்று காலமானார், சுதந்திரத்தின் தந்தை, நீதியின் சகோதரர் என்கிற ரீதியில், ஆள் பெயர்களாகப் பிரித்து எழுதி. காசு கட்டிய வரி விளம்பரம். அதிகாரி செய்திகளைப் பார்த்தார், இழவுச் செய்தியைப் பார்க்கவில்லை.

இனிமேல் அது நடக்காது. இயந்திரம் இறந்தவரின் ஆதார் எண்ணைக் கேட்கும்.

ஒரு கார்ட்டூனுக்காக ஒரு முழு இணையதளத்தையே முடக்கலாமா?
— ஓவியர், சேலம்

விகடனைத்தானே கேட்கிறீர்கள்? 2025 பிப்ரவரியில் பிரதமரை விலங்கோடு வரைந்த கார்ட்டூன். அதற்காக அந்தத் தளமே முடங்கியது. மார்ச் 6-ல் சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள், தளத்தைத் திறந்துவிடுங்கள் என்றது. இதற்குள் கார்ட்டூன் பார்க்கிற பழக்கமே இல்லாதவர்கள்கூட அதைத் தேடிப் பார்த்து முடித்துவிட்டார்கள்.

அந்த வீட்டுக்கு இது புதிதல்ல. 1987-ல் எம்.எல்.ஏ.வையும் மந்திரியையும் கிண்டலடித்த அட்டைப்பட ஜோக்குக்காக ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறை விதித்தது சட்டசபை. நாடே கத்தியது, சில நாட்களில் விடுவித்தார்கள். அவர் விடவில்லை, கோர்ட்டுக்குப் போய் 1,000 ரூபாய் இழப்பீடு வாங்கினார். சட்டசபை கொடுத்த தண்டனைக்குக் கிடைத்த பணத்தை என்ன செய்தார்? சட்டம் போட்டு மாட்டினார்.

தடை செய்தால்தான் அதிகம் பேர் பார்க்கிறார்கள் என்பது நிஜமா?
— திரைப்பட உதவி இயக்குநர், வடபழனி

உங்கள் தயாரிப்பாளரைக் கேளுங்கள், மனசுக்குள் வேண்டிக்கொண்டிருப்பார். 2003-ல் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட், தன் கடற்கரை வீட்டின் படத்தை நீக்கச் சொல்லி வழக்குப் போட்டார். அதற்கு முன் அதைத் தரவிறக்கியது ஆறே முறை. அதில் இரண்டு, அவருடைய வக்கீல்கள். வழக்குச் செய்தி வந்ததும், அடுத்த ஒரு மாதத்தில் அந்தத் தளத்துக்கு வந்தவர்கள் 4 லட்சத்துக்கு மேல்.

ஒரு பதிவுக்கு லைக் போட்டால் கைது செய்வார்களா?
— கல்லூரி மாணவி, திருச்சி

செய்திருக்கிறார்கள். 2012, மகாராஷ்டிரத்தில் பால்கர். பால் தாக்கரே மறைவுக்கு மும்பை ஏன் அடைத்துக் கிடக்க வேண்டும் என்று ஒரு பெண் எழுதினார், தோழி லைக் போட்டார். இரண்டு பேரும் உள்ளே. அதைப் பார்த்துக் கொதித்த ஷ்ரேயா சிங்கல் என்ற சட்ட மாணவி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக, 2015 மார்ச் 24-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு செல்லாது என்று தீர்ப்பு.

அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் அதே பிரிவில் எஃப்.ஐ.ஆர். போட்டுக்கொண்டிருந்தார்கள். 2021-ல் கோர்ட்டே அதிர்ச்சி தெரிவித்தது. டெல்லியில் சட்டத்தை அடித்துவிடலாம். ஸ்டேஷன் ரைட்டர் மேஜையில் இருப்பது பழைய புத்தகம்.

எதைத் தடுத்திருக்கிறார்கள் என்று நாம் தெரிந்துகொள்ள முடியுமா?
— தகவல் உரிமை ஆர்வலர், கடலூர்

அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு தடுக்க அனுமதிக்கிறது. அதன் 2009 விதிகளில் 16-வது விதி, புகாரும் நடவடிக்கையும் ரகசியம் என்கிறது. தடுத்தது எது, கேட்டது யார், காரணம் என்ன, எல்லாம் ரகசியம். திறக்காத பக்கம் ஒன்றுதான் பகிரங்கம்.

பொய்ச் செய்தி இவ்வளவு பரவும்போது அரசாங்கக் கட்டுப்பாடு வேண்டாமா?
— தலைமை ஆசிரியர், திருவண்ணாமலை

நியாயமான கேள்வி. உங்கள் மாவட்டத்திலேயே 2018-ல் பிள்ளை பிடிப்பவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியில், கோயிலுக்கு வந்த ஒரு வயதான அம்மாவை அடித்தே கொன்றார்கள். ஃபார்வர்டை ஐந்து பேரோடு நிறுத்தியது வாட்ஸ்அப், அதுவும் அந்த வருஷக் கொலைகளுக்குப் பிறகுதான். ஒரு கட்டுப்பாடும் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் 2023-ல் என்ன கொண்டுவந்தார்கள்? மத்திய அரசைப் பற்றிய செய்தி பொய்யா மெய்யா என்று சொல்ல மத்திய அரசே ஒரு பிரிவு வைத்துக்கொள்ளும். எதிர்த்து வழக்குப் போட்டவர் குனால் கம்ரா, மேடை நகைச்சுவைக் கலைஞர். 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. ஜோக் எது என்று தொழில் தெரிந்தவருக்குத்தானே தெரியும்.

வாட்ஸ்அப்புக்கு வரி வருமா?
— மாமியார் (அப்படியே போடவும்), விருதுநகர்

உகாண்டாவில் வந்தது. 2018 ஜூலை முதல் சமூக வலைத்தளத்துக்குத் தினம் 200 ஷில்லிங். அதிபர் முசவேனி சொன்ன காரணம், வம்பளப்பு அதிகமாகிவிட்டது. நம் ஊரில் போட்டால் மாநிலக் கடன் ஒரே வருஷத்தில் அடையும், அம்மா. உங்கள் பங்கை நான் மறக்கவில்லை.

பதினாறு வயதுக்குக் கீழே சமூக வலைத்தளம் கூடாது என்று ஆஸ்திரேலியா தடுத்திருக்கிறது. நல்லதுதானே?
— இரண்டு பிள்ளைகளின் தாய், கோவை

நோக்கம் நல்லது. 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. கேட்டில் நிற்கிறவருக்கு யார் பதினைந்து, யார் ஐம்பது என்று தெரிய வேண்டுமே? அதனால் ஐம்பதும் முகத்தைக் காட்ட வேண்டிவரும். பிள்ளைக்குப் போட்ட கதவில் தாத்தாவுக்குக் கைரேகை.

பிரிட்டனில் 2025 ஜூலையில் வயதுச் சோதனை வந்தது. வந்த வாரமே விபிஎன் தரவிறக்கம் எகிறியது. முகம் காட்டச் சொன்ன கேமராவுக்கு வீடியோ கேம் கதாநாயகன் முகத்தைக் காட்டி உள்ளே போனார்கள் சிலர். உங்கள் இரண்டு பேரும் இந்தப் பதிலைப் படிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எலான் மஸ்க் வானத்திலிருந்து இணையம் தந்தால் எந்த அரசும் தடுக்க முடியாதல்லவா?
— விஞ்ஞான ஆர்வலர், மகேந்திரகிரி

சிக்னல் வானத்திலிருந்து வரும். லைசென்ஸ் டெல்லியிலிருந்து வர வேண்டும்.

தேடிப் பார்த்தாலே குற்றமாகுமா?
— ஆராய்ச்சி மாணவர், காலாப்பட்டு

ரஷ்யாவில் ஆகிவிட்டது. அரசு ‘தீவிரவாதம்’ என்று பட்டியலிட்ட எழுத்தை வேண்டுமென்றே தேடினால் அபராதம், 2025 செப்டம்பர் 1 முதல். அதே நாளிலிருந்து புது போன்களில் மேக்ஸ் என்ற அவர்களது செயலியையும் ஏற்றித்தான் விற்க வேண்டும். முன்பெல்லாம் எழுதினவரைப் பிடித்தார்கள், பிறகு படித்தவரை. இப்போது ‘இது என்ன?’ என்று கேட்டவரை.

மின்நூலைத் தடை செய்தால், வாங்கி வைத்திருப்பவர் தப்பிக்கலாமா?
— நூலகர், தஞ்சாவூர்

2009 ஜூலையில், உரிமச் சிக்கல் என்று சொல்லி, வாசகர்களின் கிண்டிலுக்குள்ளிருந்து ஒரு நாவலை நீக்கியது அமேசான். காசு கொடுத்து வாங்கிய பிரதி, இரவில் இருந்தது, காலையில் இல்லை. பிறகு நிறுவனர் மன்னிப்புக் கேட்டார். நாவல் எது? ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’. நான் கற்பனை செய்து எழுதியிருந்தால் ஆசிரியர் ‘ஓவர்’ என்று வெட்டியிருப்பார்.

தணிக்கை அதிகாரி ஆக என்ன படிக்க வேண்டும்?
— வேலை தேடும் பட்டதாரி, விழுப்புரம்

தாமதமாக வந்துவிட்டீர்கள். அந்த வேலையையும் ஏஐ எடுத்துக்கொண்டது. சீனாவின் டீப்சீக்கிடம் தியானன்மென்னைப் பற்றிக் கேளுங்கள், வேறு ஏதாவது பேசலாமே என்கிறது. கத்தரிக்கோல் எழுதியதை வெட்டும். இது எழுதும்போதே விட்டுவிடும். வெட்டு விழுந்த தடம்கூட இருக்காது.

அரசாங்கங்கள் ஆள் வைத்துப் பதிவு போடுகின்றனவா?
— வாசகர், ஆம்பூர்

ஹார்வர்டின் கேரி கிங் குழு 2017-ல் சீனாவுக்குப் போட்ட கணக்கு: வருஷத்துக்குச் சுமார் 44.8 கோடி பதிவுகள். இதில் எனக்கு ஆச்சரியம் எண்ணிக்கை இல்லை. அந்தப் பதிவுகள் யாரோடும் சண்டை போடுவதில்லை. எங்கேயாவது கோபம் கிளம்பினால், தேசம், தியாகிகள், திருவிழா என்று பேச்சை மாற்றிவிடுகின்றன. வாயைப் பொத்துவதற்குக் கை வலிக்கும். காதுக்குள் சத்தம் போட்டால் போதும்.

சரி, 2045-ல் எப்படித்தான் இருக்கும்? கற்பனை செய்து சொல்லுங்களேன்.
— இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்தவர், குடியாத்தம்

‘இந்தத் தளம் தடை செய்யப்பட்டுள்ளது’ என்ற பலகை இருக்காது. அது பழங்காலத்து அநாகரிகம். பார்த்தவர் கோபப்படுவார், விபிஎன் தேடுவார். 2045-ல் எல்லாத் தளமும் திறந்திருக்கும்.

உங்கள் ஊர் ஏரியில் மணல் அள்ளுகிறார்கள் என்று ஒரு வீடியோ. தட்டுகிறீர்கள். வட்டம் சுற்றும். பக்கத்திலேயே நடிகர் வீட்டுக் கல்யாண வீடியோ, தட்டுமுன் ஓடும். ஆனாலும் விடாமல் காத்திருக்கிறீர்கள். ‘உங்கள் பாதுகாப்புக்காக ஒரு ஓடிபி.’ வருகிறது. ‘நேரம் முடிந்தது, மீண்டும் முயலவும்.’ ஒருவழியாகப் பார்த்து, நாலு வரி காட்டமாக எழுதிப் போடுகிறீர்கள். பதிவு போய்விட்டது! இரண்டு லைக்கும் விழுந்தாயிற்று. உங்களுக்குத் தெரியாதது: அந்தப் பதிவு உங்கள் போனில் மட்டும்தான் தெரியும், லைக் போட்ட இரண்டு பேரும் மனிதர்கள் இல்லை.

மறுநாள் பேங்க் செயலியில் ‘உங்கள் விவரங்களைப் புதுப்பிக்கவும்’ என்று வரும். நேற்றைய பதிவுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? இருக்காது. இருக்குமோ? அந்த ‘இருக்குமோ’தான் முக்கியம். அடுத்த வீடியோ வரும்போது உங்கள் விரல் தானாகக் கல்யாணத்துப் பக்கம் போகும். ‘நமக்கெதுக்கு வம்பு’ என்கிற மென்பொருளுக்கு சர்வர் வேண்டாம், கரண்ட் வேண்டாம், சட்டமும் வேண்டாம். உள்நாட்டிலேயே தயாரானது.

அதனால்தான் சொல்கிறேன், அறிவித்துத் தடை செய்கிற அரசாங்கத்தைப் பார்த்து நான் அவ்வளவாகப் பயப்படுவதில்லை.

அறிவித்துத் தடை செய்தால் என்ன ஆகும்?
— வாசகி, நீலகிரி

நேபாளம் ஆகும். 2025 செப்டம்பர் 4-ல் 26 தளங்களுக்குத் தடை. 8-ம் தேதி இளைஞர்கள் தெருவில். அந்த ஒரே நாளில் 19 உயிர் போனது. ராத்திரியே தடையை நீக்கினார்கள். 9-ம் தேதி பிரதமர் ஒலி ராஜினாமா. அடுத்த பிரதமர் யார் என்ற விவாதத்தை டிஸ்கார்டில் வைத்தார்கள், வீடியோ கேம் ஆடுகிற பிள்ளைகள் கூடும் இடத்தில். தடைப் பட்டியலில் டிஸ்கார்டும் இருந்தது.

துருக்கியில் சுவரில் எண் எழுதினார்களாமே, நிஜமா?
— சுவர் விளம்பர ஓவியர், பழநி

நிஜம். 2014 மார்ச், உள்ளாட்சித் தேர்தல் நேரத்தில் ட்விட்டரைத் தடுத்தார்கள். இஸ்தான்புல் சுவர்களில் 8.8.8.8 என்று ஸ்ப்ரே பெயின்ட். கூகுளின் டிஎன்எஸ் எண். அதைப் போட்டால் ட்விட்டர் திறக்கும். தேர்தல் சமயத்தில் சுவரில் உருப்படியான விஷயம் எழுதி நான் கேள்விப்பட்டது அது ஒன்றுதான். தொழிலில் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நெட்டை நிறுத்தினால் எனக்கென்ன நஷ்டம்? நான் அரசியலே பேசுவதில்லை.
— டீக்கடை உரிமையாளர், ஒட்டன்சத்திரம்

கல்லாப்பெட்டி மேல் ஓரம் கிழிந்த க்யூஆர் அட்டை இருக்கிறதா? பக்கத்தில் ‘பத்து ரூபாய் பெறப்பட்டது’ என்று கத்தும் பெட்டி? முதலில் அதன் வாயைத்தான் மூடுவார்கள். வாடிக்கையாளர் சட்டைப் பையைத் தடவிவிட்டு, ‘அண்ணே, நெட் வந்ததும் போட்டுவிடுறேன்’ என்பார். அரசியல் பேசுகிறவர் பேசிக்கொண்டே போய்விடுவார், டீக் காசு உங்களோடது. பழைய கடன் நோட்டைத் தூக்கிப் போட்டிருந்தால், புதிதாக ஒன்று வாங்கி வையுங்கள்.

இந்த வம்பே வேண்டாம், எல்லாரும் கடிதத்துக்குத் திரும்பிவிடலாமா?
— ஓய்வுபெற்ற தபால்காரர், சாத்தூர்

ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் துறைக்குத் தெரியாததா? 1898 அஞ்சல் சட்டத்தில், அரசு தேவைப்பட்டால் தபாலை மறிக்கலாம் என்று இருந்தது. அந்தச் சட்டத்தை மாற்றி 2023-ல் புதிய அஞ்சல் சட்டம் வந்தது. அதிலும் 9-வது பிரிவு: மறிக்கலாம், பிரிக்கலாம், வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே வாசகர்களே, அடுத்த வாரக் கேள்விகளை அஞ்சலட்டையில் அனுப்புங்கள். பிரிக்கிற சிரமம் யாருக்கும் வேண்டாம். அட்டை 50 பைசாதான். ஓர் அட்டைக்கு ஒரு கேள்வி.